சிவப்பு விளக்குக் கேமராவும் இ-சலான் சேவையும்: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு மதிப்பீடு

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் பாலக்காட்டுக்கு ஒரு வேலையாகவும் கோவைக்கு ஒரு வேலையாகவும் போய்வந்துகொண்டே இருப்பவர்கள் என்பதால், இரண்டு மாநிலங்களின் கேமராக்களும் எங்களைப் படம் பிடிக்கின்றன. இரண்டு மாநிலங்களின் சலான்களும், அதாவது அபராத அறிவிப்புகளும், ஒரே கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் செலுத்துதல் என்று சிறிய கடை நடத்துகிறவன் என்ற முறையில், ஊர்க்காரர்களின் சலான்களைத் திறந்து படத்தைப் பார்த்துச் சொல்வது என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. சந்திப்புகளில் சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களைப் பிடிக்கும் கேமராவையும், அதற்குப் பின்னால் இயங்கும் இ-சலான் சேவையையும் அந்த இடத்திலிருந்து மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேமராவுக்கு முதல் வகுப்பு, சலான் தளத்துக்குத் தேர்ச்சி, மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று அமைப்பவர்களுக்கு மறுதேர்வு.

எங்கள் பக்கத்தில் கம்பத்தின் மேல் தெரியும் கேமரா அனைத்தையும் 'ஏஐ கேமரா' என்றே சொல்கிறோம். ஆனால் அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. 'சேஃப் கேரளா' திட்டத்தின் கீழ், மோட்டார் வாகனத் துறைக்காகக் கெல்ட்ரான் நிறுவனம் அமைத்த 726 கேமராக்கள் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கி வைக்கப்பட்டன. அபராதம் விதிப்பது அவ்வாண்டு ஜூன் 5 அன்று தொடங்கியது. அவற்றில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், வண்டி ஓட்டியபடி கைப்பேசி பேசுவது, இருசக்கர வண்டியில் மூவர் செல்வது போன்றவற்றைப் பார்ப்பவை. 25 கேமராக்கள் தவறான இடத்தில் வண்டி நிறுத்துவதைப் பார்ப்பவை. வேகத்தைப் பார்ப்பவை 8. சிவப்பு விளக்கைப் பார்ப்பதற்கென்று அமைக்கப்பட்டவை வெறும் 18. இந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், வாளையாறு தாண்டியதும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டும் கோவை ஓட்டுநர்கள் சந்திப்பில் மட்டும் பழைய தைரியத்தோடே நடந்துகொள்வது ஏன் என்பது விளங்கும்.

சிவப்பு விளக்குக் கேமரா செய்யும் வேலை, பார்ப்பதற்குத் தோன்றுவதைவிட நுட்பமானது. பழைய முறையில், நிறுத்தக் கோட்டை ஒட்டித் தார்ச்சாலைக்குள் கம்பிச் சுருள்களைப் புதைத்திருப்பார்கள். இரும்புடல் கொண்ட வண்டி அதன் மேல் செல்லும்போது சுருளின் மின்காந்தப் பண்பு மாறுகிறது; அந்த நேரத்தில் சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டி 'சிவப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தால் கேமரா இயங்குகிறது. நம் நாட்டில் இப்போது பெருகிவரும் முறையில் சாலையைத் தோண்டும் வேலையில்லை. வீடியோப் படத்தின் மீதே மென்பொருள் ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொள்கிறது. விளக்கின் நிறத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கம்பி வழியாகவோ, படத்தில் விளக்கைப் பார்த்தோ அறிந்துகொள்கிறது. பொதுவாக ஒரு திசைக்கு இரண்டு கேமராக்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, விளக்கும் நிறுத்தக் கோடும் வண்டியும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி அகலப் படம் எடுப்பது. மற்றொன்று, எண் பலகையை நெருக்கமாக எடுத்து எழுத்துகளைப் படிப்பது. இரவில் எண் பலகையின் மேல் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சப்படுவதால், ஓட்டுபவரின் கண்ணுக்கு எந்த மின்னலும் தெரியாமலே படம் பதிவாகிவிடும். 'பிளாஷ் அடிக்கவில்லை, அதனால் கேமரா ஓடவில்லை' என்று எல்லையோர டீக்கடைகளில் சொல்லப்படும் ஆறுதலில் உண்மையில்லை.

இந்தக் கருவியின் மூதாதையை உருவாக்கியவர் மவுரிட்ஸ் காட்சோனிடஸ் என்ற நெதர்லாந்துக்காரர் என்பதை இங்கே குறிப்பிடாமல் போக மனமில்லை. அவர் 1953-இல் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம்முடைய வேகத்தைக் கூட்டிக்கொள்வதற்காகச் செய்துகொண்ட அளவைக் கருவியிலிருந்துதான் அவருடைய நிறுவனத்தின் வேகக் கேமராக்களும், 1960-களின் நடுவில் வந்த சிவப்பு விளக்குக் கேமராவும் பிறந்தன. வேகமாகப் போக விரும்பிய மனிதரின் கைவேலை உலகத்தையே மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேமராவின் சாட்சியம் எவ்வளவு உறுதியானது என்பதை ஒரு சலானைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் குட்டியானை வண்டிக்காரத் தம்பி ஒருவர், நகரச் சந்திப்பு ஒன்றில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக வந்த அறிவிப்போடு கடைக்கு வந்தார். "மஞ்சள்லதானுங்கண்ணா போனேன், செவப்பு விழறதுக்குள்ள தாண்டிட்டேனுங்க" என்பது அவருடைய வாதம். தளத்தில் படங்களைத் திறந்து, எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். முதல் படத்தில் வண்டியின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருக்கிறது. மேலே விளக்குப் பெட்டியில் சிவப்பு எரிகிறது. படத்தின் ஓரத்தில் தேதி, மணி, நிமிடம், நொடியோடு, விளக்கு சிவப்பாகி 0.6 நொடி ஆகியிருந்தது என்றும் அச்சாகியிருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே வண்டி சந்திப்பின் நடுவில் இருக்கிறது. மேலே கட்டியிருந்த தக்காளிப் பெட்டிகளின் நீலத் தார்ப்பாய் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி காற்றில் உப்பியிருக்கிறது. மூன்றாவது படம் எண் பலகை மட்டும். தம்பி சற்று நேரம் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிதானுங்க" என்றார். அதற்கு மேல் வழக்காட எதுவும் இல்லை.

இரண்டு படங்கள் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கோட்டைக் கடந்தது மட்டும் குற்றமானால் ஒரு படம் போதும். ஆனால் கோட்டின் மேல் வந்து நின்றுவிட்டவரும், நிற்காமல் சந்திப்பைக் கடந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்லர். சிவப்பு எரியும்போது வண்டி கோட்டுக்கு இப்பால் இருந்ததை முதல் படமும், அதன்பின் நிற்காமல் அது சந்திப்புக்குள் நுழைந்ததை இரண்டாவது படமும் நிறுவுகின்றன. மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டிவிட்டு, முன்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டு, சிவப்பு விழும்போது நடுச்சந்திப்பில் நிற்பவரை இந்த முறை தண்டிப்பதில்லை. ஏனென்றால் அவருக்கு முதல் படம் கிடைக்காது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் சாலையோரத்தில் நின்று இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரித்துச் சொல்வது அரிது. கேமராவுக்கு நான் கொடுத்த முதல் வகுப்பு இதற்காகத்தான்.

ஆனால் அந்த 0.6 நொடி என்னை விடவில்லை. வண்டிக்காரத் தம்பி பொய் சொல்லும் ஆளல்லர். அவர் முடிவெடுத்தபோது விளக்கு மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் போகிறது. மஞ்சள் மூன்று நொடி எரிந்தால், அதற்குள் அது கடக்கக்கூடிய தூரம் 50 மீட்டர். நிற்க முடிவெடுத்தாலோ, விளக்கைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, அதாவது 16.7 மீட்டர்; பின் சரக்கு சரியாமல் நிற்கும் அளவுக்கு மிதமாகப் பிரேக் பிடித்தால் மேலும் ஏறத்தாழ 46 மீட்டர்; ஆக 63 மீட்டர் வேண்டும். எனவே மஞ்சள் விழும் கணத்தில் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் இடையில் இருக்கும் வண்டிக்காரர் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. அந்த 13 மீட்டருக்குள் அகப்பட்டுக் கடந்து போகிறவர் கோட்டைத் தொடும்போது சிவப்பு விழுந்து அதிகம் போனால் 0.8 நொடி ஆகியிருக்கும். வேகம் 50 கிலோமீட்டரானால் இந்த இடைவெளி நான்கைந்து மீட்டராகச் சுருங்குகிறது. 40-இல் இல்லாமலே போகிறது. 60-இல் போகும் சாலைக்கும் மஞ்சளை நான்கு நொடியாக்கினால் இடைவெளி மறைந்துவிடும்.

அந்தச் சந்திப்பு வழியாகப் போகும் வேலை வந்தபோது ஓரமாக நின்று கைப்பேசியில் மஞ்சளை அளந்து பார்த்தேன், மூன்று நொடிதான். சந்திப்புக்கு வரும் சாலையோ நேராக, அகலமாக, வேகத்தைத் தூண்டும்படி இருக்கிறது. இதில் கேமராவின் குறை எதுவுமில்லை. தராசு சரியாகத்தான் நிறுக்கிறது. படிக்கல்லை எடுத்து வைத்தவர் யார் என்பதுதான் கேள்வி. சிவப்பு விழுந்து இரண்டு நொடி, மூன்று நொடி கழித்து வருகிறவர் தெரிந்தே வருகிறவர்; குறுக்கே பச்சை கிடைத்துக் கிளம்பும் வண்டியின் பக்கவாட்டில் மோதிக் கொல்லக்கூடியவர் அவர்தான். அரை நொடியில் அகப்படுகிறவர் பெரும்பாலும் வேகத்துக்கும் மஞ்சளின் நேரத்துக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையில் சிக்கியவர். இருவருக்கும் ஒரே சலான் என்பது எனக்கு உடன்பாடில்லை. சில ஊர்களில் கேமராவுக்கு ஒரு சிறு சலுகை நேரம் வைத்து, அதற்குட்பட்ட மீறல்களை விட்டுவிடுகிறார்கள். அதையாவது எல்லா இடத்திலும் செய்யலாம். அதைவிட நல்லது, சந்திப்பின் மஞ்சள் நேரத்தையும், சிவப்பு விழுந்து எத்தனை நொடியில் வண்டி கடந்தது என்பதையும் எல்லா அறிவிப்புகளிலும் அச்சிடுவது. என் கைக்கு வந்தவற்றில் சில அறிவிப்புகளில் இரண்டாவது விவரம் இருக்கிறது. முதல் விவரம் இருந்து நான் பார்த்ததில்லை.

மஞ்சளைக் குறைத்து வைத்துக் கேமராவை மட்டும் கடுமையாக்கினால் வேறொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வட்டாரங்களில் கேமரா பொருத்திய 132 சந்திப்புகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, குறுக்கு மோதல்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்திருந்தன. பின்னால் வந்து மோதும் விபத்துகள் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியிருந்தன. குறுக்கு மோதலில் சேதமும் உயிரிழப்பும் அதிகம் என்பதால் மொத்தத்தில் கேமராவால் நன்மையே என்று அந்த ஆய்வு கண்டது. இருந்தாலும், எம்சாண்ட் ஏற்றிய டிப்பர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சாலையில், சலானுக்குப் பயந்து திடீரென்று பிரேக் அடிக்கும் பைக்காரரின் நிலையை அந்த 15 விழுக்காட்டோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் சாலைகளில் டிப்பருக்கும் பைக்குக்கும் இடையில் விடப்படும் தூரத்தை யாரும் அறிவர்.

கேமராவின் பார்வை தவறாமல் இருந்தும் அறிவிப்பு தவறாக வரும் வகை ஒன்று உண்டு. அது 'ஃப்ரீ லெஃப்ட்' விவகாரம். இடப்பக்கம் திரும்புவோர் நிற்க வேண்டியதில்லை என்று பலகை வைத்திருக்கும் சந்திப்பில், கற்பனைக் கோட்டைச் சாலையின் முழு அகலத்துக்கும் போட்டுவிட்டால், சிவப்பில் நியாயமாக இடப்பக்கம் திரும்புகிறவரும் அகப்படுவார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் ஒருவருக்கு அப்படி வந்தது. இரண்டாவது படத்தில் அவருடைய முன்சக்கரம் இடப்பக்கம் ஒடித்திருப்பதும், இண்டிகேட்டர் எரிவதும், பின்னணியில் அந்தப் பலகையே நிற்பதும் தெரிந்தன. படமே அவருக்குச் சாட்சி. அந்த மூன்றையும் வட்டமிட்டுக் காட்டி மனு எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்தில் முதலில் 'கேமரா பொய் சொல்லுமா' என்றார்களாம். கேமரா பொய் சொல்லவில்லை, படத்தை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எங்கள் மனுவின் சாரம். சலான் கடைசியில் நீக்கப்பட்டது. ஆம்புலன்சுக்கு வழிவிட்டுக் கோட்டைத் தாண்டியவர்களும் இதே வகையினர். வீடியோத் துண்டில் ஆம்புலன்ஸ் தெரிந்தால் பிழைத்தார்கள்.

படத்தை மனிதர் பார்க்க வேண்டும் என்பது கோரிக்கையல்ல, முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. கேரளக் கேமராக்களின் பதிவுகள் திருவனந்தபுரத்திலுள்ள மையக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கே தெரிவு செய்யப்பட்டு, மோட்டார் வாகனத் துறை அதிகாரியின் ஒப்புதலுக்குப் பின்னரே அறிவிப்பாகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியும் சில கட்டாயங்களை வைத்தது: கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், மீறலையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும். மின்னணுப் பதிவு என்பதால் சாட்சியச் சட்டத்தின்படியான சான்றிதழும் தேவை. சலான் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வருத்தப்படுவதற்குப் பதிலாக, இந்த விவரங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது வண்டிக்காரரின் உரிமை. எச்சரிக்கைப் பலகை விஷயத்தில் நடைமுறை பின்தங்கியே இருக்கிறது. மரக்கிளைக்குப் பின்னாலும் ஜவுளிக்கடை பேனருக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி சலான் தளத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹனின் இ-சலான் தளம் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதே எல்லைவாசிகளுக்குப் பெரிய வசதி. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூரில் பதிவான கேஎல் 70 வண்டிக்குக் கோவையில் விழுந்த சலானையும், பொள்ளாச்சியில் பதிவான டிஎன் 41 வண்டிக்குப் பாலக்காட்டில் விழுந்த சலானையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சலான் எண், ஓட்டுநர் உரிம எண், வண்டி எண் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் தேடலாம். வண்டி எண் கொண்டு தேடினால் சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். ஆர்சி புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு எண்ணை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் திரும்பிப் போய்விட்டு வருவார்கள். அதன்பின் ஓடிபி. அது ஆர்சியில் பதிந்துள்ள கைப்பேசி எண்ணுக்குப் போனால், வண்டி வாங்கிய நாளில் ஷோரூம்காரர் பதிந்த எண் எது என்று குடும்பமே கூடி யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சேவையின் உண்மையான பலவீனம் அந்தக் கைப்பேசி எண்தான். கேமரா படிப்பது எண் பலகையை. அறிவிப்பு போவது ஆர்சியில் உள்ள பெயருக்கும் எண்ணுக்கும். எண் மாறியிருந்தால் சலான் விழுந்ததே தெரியாது. பெயர் மாற்றவோ, எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கவோ, வேறு மாநிலத்துக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) கேட்கவோ போகும் நாளில்தான் நிலுவை என்று தடுத்து நிறுத்துவார்கள். வண்டியை விற்றுவிட்டு ஆர்சியைப் பெயர் மாற்றாமல் விட்டவர்களின் நிலை இன்னும் மோசம். எல்லையோரத்தில் பழைய பைக்கைத் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கும் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு மட்டும் கைமாற்றுவது காலங்காலமாக நடக்கிறது. வாங்கியவர் சிக்னலில் பறக்கிறார். விற்றவருக்கு எஸ்எம்எஸ் வருகிறது. ஆர்சியில் கைப்பேசி எண்ணைப் புதுப்பிப்பது பரிவாஹன் தளத்திலேயே முடிகிற வேலை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் அதை முதலில் செய்யச் சொல்லி நச்சரிக்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

மொழி இன்னொரு சங்கடம். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. கேரளத் துறையின் விளக்கங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. சித்தூர் வட்டாரத்தில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த வண்டிக்காரர்கள் ஏராளம். அவர்கள் கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்திலோ என்னைப் போன்றவர் கடையிலோ நீட்டும் கைப்பேசியில் உண்மைச் சலானும் இருக்கிறது, மோசடிச் சலானும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்டிஓ சலான் என்ற பெயரில் ஏபிகே கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியவரின் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் கும்பல்கள் நாடெங்கும் இயங்குகின்றன. அரசின் தளம் எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். வந்த இணைப்பைத் தொடாமல், தளத்தை நாமே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. அங்கே சலான் இல்லையென்றால் பணம் கட்ட வேண்டியதும் இல்லை.

விலையைப் பற்றிச் சொல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது. 2019 திருத்தத்துக்குப் பின், சிவப்பு விளக்கைத் தாண்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தாக வண்டி ஓட்டுவதன் வகைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறை 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்; மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் அபராதம் 10,000 ரூபாயாகிறது, சிறைத் தண்டனை ஈராண்டு வரை போகலாம். கோட்டின் மேல் வந்து நின்றது போன்ற சிறு மீறல்களை 177ஏ பிரிவில் போட்டால் 500 முதல் 1,000 ரூபாயோடு போகும். ஆகவே சலானில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்; வண்டி கோட்டின் மேல் நின்றிருக்கும் படத்துக்கு 184 போடப்பட்டிருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய இடம். உரிமத்துக்கும் ஆபத்து உண்டு: உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே, சிவப்பு விளக்கைத் தாண்டுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறுவதற்கு ஹெல்மெட்டே சாட்சி. ஹெல்மெட் இல்லாத தலைக்குக் கேரளத்தில் 500, 2022 அக்டோபர் உயர்வுக்குப் பின் தமிழ்நாட்டில் 1,000. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அதே தலையின் விலை இரட்டிப்பாகிறது.

இவ்வளவுக்கும் பலன் என்ன? கேரளத்தில் 2022-இல் 43,910 விபத்துகளில் 4,317 பேர் இறந்தார்கள். கேமரா வந்த 2023-இல் விபத்துகள் 48,091 ஆகக் கூடின, இறந்தவர்கள் 4,080 ஆகக் குறைந்தார்கள். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படித்தால், தலையையும் நெஞ்சையும் காப்பாற்றும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் தம் வேலையைச் செய்திருக்கின்றன, மோதலே நடக்காமல் தடுக்கும் வேலை பாக்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டுக் கணக்கை வைத்து ஒரு கருவியைப் புகழ்வதும் இகழ்வதும் சரியல்ல. ஆனால் மோதலைத் தடுக்கும் இடம் சந்திப்பு, அங்கே நிற்கும் கேமரா 726-இல் 18 என்பது கவனிக்கத்தக்கது. கோவைக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகி, நகரின் பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு யூ-டர்ன் முறையைக் கொண்டுவந்தார்கள். சிவப்பே இல்லாத இடத்தில் சிவப்பைத் தாண்டுவாரும் இல்லை. அங்கே சாலையைக் கடக்க நிற்கும் வயதானவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்களுக்குச் சிவப்பு விளக்குதான் கடப்பதற்கான நேரம்.

பணம் கட்டும் கட்டத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆட்சேபணை இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே, சலானில் குறித்த காலக்கெடுவுக்குள், படங்களைத் தரவிறக்கிக்கொண்டு அமலாக்கப் பிரிவு ஆர்டிஓ அலுவலகத்துக்கோ தளத்தின் புகார்ப் பகுதிக்கோ எழுத வேண்டும். கட்டிய பின் முறையிடுவது ஒப்புக்கொண்ட பின் மறுப்பதாகிவிடும். நிலுவையாக நீண்டகாலம் விட்டால் சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது இணையவழி நீதிமன்றத்துக்கு, போய்விடும். அப்போது பரிவாஹன் தளத்தில் கட்ட முயன்றால் ஏற்காது, விர்ச்சுவல் கோர்ட் தளத்திலேயே மாநிலத்தைத் தேர்ந்து வண்டி எண்ணைப் போட்டுக் கட்ட வேண்டும். கட்டும்போது வங்கிக் கணக்கில் பணம் போய், தளத்தில் 'நிலுவை' என்றே காட்டுவது அடிக்கடி நடக்கிறது. உடனே மீண்டும் கட்டிவிடாமல், தளத்திலேயே பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதியில் நிலையைப் பார்த்துவிட்டு, ஒருநாள் பொறுத்து, ரசீது வந்ததும் அதைக் கைப்பேசியில் ஒரு நகலும் ஆர்சியோடு அச்செடுத்து ஒரு நகலும் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.